இன்மை காரணமாகுமா? தாவரத்தின் சிறு ஆர்.என்.ஏ.க்களும் தருக்க நூலாரின் பழைய வழக்கும்

ஒரு செயல் நிகழ்வதற்கு, அதனைத் தடுப்பது அங்கு இல்லாதிருத்தலும் காரணங்களுள் ஒன்றாக எண்ணத்தக்கதா என்னும் வினா இந்திய மெய்யியலில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்டது. குடத்திற்கு மண்ணும் குயவனும் சக்கரமும் காரணங்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. அவை உள்பொருள்கள், காணத்தக்கவை, குடம் தோன்றுவதற்கு முன்னரே அங்கு நிற்பவை. இல்லாத ஒன்று எதையேனும் செய்யுமா என்று கேட்டாலோ விடை எளிதன்று. இல்லாததற்குச் செயலும் இல்லை என்று கூறிவிடலாம். ஆனால் தடை நீங்கியமையால் இது நிகழ்ந்தது என்று உலகோர் நாள்தோறும் சொல்வதற்குப் பொருள் என்ன என்பதை அவ்விடை விளக்காமல் விட்டுவிடும்.

இவ்வழக்கைத் தருக்க நூலார் தீயையும் மணியையும் கொண்டு நடத்தினர். அருகில் வைத்தால் தீயைச் சுடவிடாத மணி ஒன்று உண்டு என்பது அக்காலத்தார் ஏற்றிருந்த செய்தி. மணி இருக்கும்போது தீயும் இருக்கிறது, விறகும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் நிற்கின்றன; எனினும் எரிதல் நிகழவில்லை. மணியை அகற்றியவுடன் எரிகிறது. அவ்வாறாயின் முன்பு இல்லாமல் பின்பு வந்து சேர்ந்த காரணம் எது? தீயில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆற்றல், அதாவது சக்தி, உண்டு என்றும், மணி அதனைக் கெடுக்கிறது என்றும், மணி நீங்கியபின் அது மீள்கிறது என்றும் மீமாம்சகர் விடை கூறினர். காணப்படாத ஆற்றலைக் கற்பிக்க வேண்டியதில்லை, மணியின் இன்மையே எரிதலுக்குரிய காரணத் தொகுதியில் ஓர் உறுப்பு என்பது நியாய நூலாரின் மறுமொழி. இன்மையை, அவர் வழக்கில் அபாவத்தை, ஏழாவது பதார்த்தமாக, அதாவது பொருள் வகையாக, எண்ணுவோர் ஆதலின் இவ்வாறு கூறுவது அவர்க்கு இயன்றது. உதயணரின் நியாயகுசுமாஞ்சலி இவ்வாதத்தை விரிவாக நடத்துகிறது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் ஏழு பதார்த்தங்களைச் சுருக்கி உரைக்க, அதனை 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழாக்கினமையால் தமிழ் கற்போரும் அபாவத்தை ஒரு பொருள் வகையாகப் பயிலும் வாய்ப்பைப் பெற்றனர்.

மூன்றாவது நிலைப்பாடு ஒன்றும் உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்காம் பாதத்தில், நிமித்த காரணம் எனப்படுவது இயற்கையை இயக்குவதில்லை என்றும், உழவன் வரப்பை வெட்டிவிட நீர் தானே அடுத்த வயலுக்குப் பாய்வது போல அது தடையை மட்டுமே விலக்குகிறது என்றும் கூறுகிறது. இதன்படி தடை நீக்கம் காரணம் என்னும் பெயருக்கே முழுவதும் உரியதன்று. ஆக்குவது நீரின் இயல்பு, உழவன் அதற்கு வழிவிட்டவன்.

தீயை அடக்கும் மணி உலகில் உண்டா என்பது இவ்வழக்கின் உயிர்நிலை அன்று. வழக்கின் வடிவமே பொருட்படுத்தத்தக்கது. ஆயினும் அவ்வடிவத்திற்கு முற்றிலும் பொருந்துகின்ற, ஆய்வுக்கூடத்தில் சேர்த்தும் நீக்கியும் பார்க்கத்தக்க, உண்மையான தடைப்பொருள்கள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரங்களில் கண்டறியப்பட்டன. இன்மை காரணமாகுமா என்னும் வினாவை அவற்றைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தால், பழைய விடைகளில் எது எவ்வளவு தாங்கும் என்பது தெளிவாகும்.

மரபணுவை அடக்கும் பொறியமைவு

ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ள மரபணு, முதலில் தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு, பின் அப்படியைக் கொண்டு புரதம் கட்டப்படுவதையே மரபணு வெளிப்பாடு என்பர். இலையின் உயிரணுவும் வேரின் உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியையே கொண்டிருப்பினும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எங்கு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதில் உள்ள வேறுபாடே. இவ்வெளிப்பாட்டை முடுக்கும் புரதங்கள் சில உண்டு என்பது முன்னரே தெரிந்திருந்தது. அடக்குவதையே தொழிலாகக் கொண்ட மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள் உண்டு என்பது பின்னரே தெரியவந்தது.

அதற்கு முதற்குறி ஒரு பூவின் நிறத்தில் தோன்றியது. பெட்டூனியாச் செடியின் ஊதா நிறத்தை ஆக்கும் சால்கோன் சிந்தேஸ் என்னும் நொதிக்குரிய மரபணுவின் கூடுதல் படி ஒன்றைச் செடியினுள் செலுத்தினால் நிறம் மிகும் என்று எதிர்பார்த்த அமெரிக்க ஆய்வாளர், சில தொகுதிகளில் 42 விழுக்காடு வரையிலான செடிகள் முழு வெள்ளையாகவோ வெள்ளைத் திட்டுகளோடோ பூத்ததைக் கண்டு 1990இல் வெளியிட்டனர். புதிதாகச் செலுத்திய மரபணுவும் செடிக்கு இயல்பாக உரிய மரபணுவும் ஒருசேர அடங்கிப்போயிருந்தன, தூது ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 50 மடங்கு குறைந்திருந்தது. சில கிளைகளில் ஊதா நிறம் மீண்டும் தோன்றியபோது இரு மரபணுக்களின் தூதுகளும் ஒருசேர மீண்டன என்பதால், மரபணு அழியவில்லை, அடக்கப்பட்டிருந்தது என்பது புலனாயிற்று.

இதற்கும் வெகு முன்னர், 1928இல், வளையப்புள்ளி நச்சுயிரியால் தாக்குண்ட புகையிலைச் செடியில் கீழிலைகள் நோயுற, பின்னர் விரிந்த மேலிலைகள் நோயின்றி விளங்கியதோடு மறு தாக்குதலையும் எதிர்த்தன என்பதை விங்கார்டு பதிவு செய்திருந்தார். இந்த இரு புதிர்களையும் ஒன்றாக இணைத்தது, 1999இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கூம்பும் இங்கிலாந்தின் நாரிச் நகரில் செய்த கண்டுபிடிப்பு. மரபணு அடங்கிய செடிகளிலெல்லாம் அம்மரபணுவுக்கு எதிர்வரிசை கொண்ட, ஏறத்தாழ 25 எழுத்து, அதாவது நியூக்ளியோடைடு, நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன, அடங்காதவற்றில் அவை இல்லை; நச்சுயிரி தாக்கிய செடிகளிலும் அந்நச்சுயிரிக்கு எதிர்வரிசை கொண்ட அத்தகைய துண்டுகள் காணப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வின் அடக்கும் செயலைக் காட்டிய ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006இலும், புழுவிலேயே சிறு ஆர்.என்.ஏ.க்களுள் ஒரு வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொறியமைவின் படிகள் இன்று நன்கு அறியப்பட்டவை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணுவிலிருந்து பிறக்கும் நீண்ட ஆர்.என்.ஏ. தன்மேல் தானே மடிந்து இரட்டை இழையாகிறது. அதனை டைசர் வகை நொதி ஒன்று, தாவரங்களில் பெரும்பாலும் 21 எழுத்து நீளத்தில், துண்டாக்குகிறது. துண்டின் நுனியில் மெத்தில் தொகுதி ஒன்று ஏற்றப்பட்டு அது சிதையாமல் காக்கப்படுகிறது. பின் இரு இழைகளுள் ஒன்றை ஆர்கோநாட் என்னும் புரதம் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. ஏந்திய இழைக்கு எழுத்துக்கு எழுத்து இணையும் வரிசை எந்தத் தூது ஆர்.என்.ஏ.வில் உள்ளதோ அதனை ஆர்கோநாட் பற்றி, இழையின் 10ஆம் 11ஆம் எழுத்துகளுக்கு எதிரேயுள்ள இடத்தில் வெட்டுகிறது, அல்லது அதிலிருந்து புரதம் கட்டப்படுவதைத் தடுக்கிறது. 24 எழுத்து நீளமுள்ள மற்றொரு வகைத் துண்டுகள் உட்கருவினுள் செயற்பட்டு, டி.என்.ஏ.வின் குறித்த பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஏறும்படி செய்து, தூது பிறப்பதற்கு முன்னரே வாயிலை அடைக்கின்றன. முன்னது பிறந்ததை அழித்தல், பின்னது பிறவாமற் காத்தல். தருக்க நூலார் அழிவின்பின் உள்ள இன்மையையும் தோற்றத்திற்கு முன் உள்ள இன்மையையும் வேறு பிரித்தது போல, தாவரமும் அவ்விரண்டையும் வெவ்வேறு கருவிகளைக் கொண்டு நிறுவுகிறது.

எந்த இன்மை காரணம்?

இன்மையைக் காரணமாக ஏற்பவரை நோக்கி எழுப்பப்படும் முதல் தடை, அவ்வாறாயின் எல்லா இன்மைகளும் காரணங்களாகிவிடுமே என்பது. ஒரு செடி பூத்ததற்கு அதனை யானை மிதிக்காமையும், காட்டுத்தீ பரவாமையும், வெள்ளம் வாராமையும் காரணங்கள் என்றால் காரணப் பட்டியலுக்கு முடிவே இராது. மேலைநாட்டு மெய்யியலாருள் டேவிட் லூயிஸ் இச்சிக்கலை எதிர்கொண்டார். நெட் ஹால் 2004இல் வெளியான தம் கட்டுரையில், தடுப்பதைத் தடுத்தல் என்னும் வகை நிகழ்வுகளை எடுத்துக்காட்டி, ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருத்தல், ஒன்று மற்றொன்றை ஆக்குதல் என்னும் இரு வேறு கருத்துகள் காரணம் என்ற ஒரே பெயரில் கலந்துள்ளன என்று வாதித்தார். அவர் பகுப்பின்படி இன்மை முதல் வகைக் காரணமாகலாம், இரண்டாம் வகைக் காரணமாகாது.

நியாய நூலாரிடம் இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. வெறும் இன்மை என்று ஒன்றை அவர்கள் ஏற்பதில்லை. எந்த இன்மையும் இன்னதன் இன்மை, இன்ன இடத்தில் உள்ள இன்மை என்று குறிக்கப்பட வேண்டும். எதன் இன்மையோ அதனைப் பிரதியோகி என்பர். குடம் இல்லை என்னும் அறிவுக்குக் குடம் பிரதியோகி, தரை இடம். மீமாம்சகருள் ஒரு பிரிவினரான பிராபாகரர் இதனை மறுத்து, குடமின்மை என்று தனியே ஒன்று இல்லை, உள்ளது வெறுந்தரையே என்றனர்.

தாவரத்தின் சிறு ஆர்.என்.ஏ.க்கள் நியாய நூலாரின் பக்கத்திற்கு வலுச்சேர்க்கின்றன. அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியின் இலை தோன்றும்போது, கீழ்ப்பக்க உயிரணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 166 மிகுந்து, மேற்பக்கத் தன்மையைத் தரும் சில மரபணுக்களின் தூதுகளை அங்கு வெட்டியழிக்கிறது. ஆகவே அவற்றின் புரதங்கள் மேற்பக்கத்தில் மட்டும் தங்குகின்றன, இலை தட்டையாகி இரு முகம் பெறுகிறது. தூதுகளின் இணைவிடத்தில் திரிபு ஏற்பட்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்ற முடியாமற் போன செடிகளில், மேற்பக்கத் தன்மை எங்கும் பரவி, இலை விரியாமல் உருண்ட குச்சியாகிவிடுகிறது. இங்கே கீழ்ப்பக்கத்தில் அப்புரதம் இல்லாமை என்பது வெறும் உயிரணு என்று கூறி முடிக்கத்தக்கதன்று. அது இன்ன புரதத்தின் இன்மை. இன்ன அடுக்கில் உள்ள இன்மை. அவ்வடுக்கு ஓயாமல் ஆர்.என்.ஏ.வை ஆக்கி, துண்டாக்கி, ஏந்தி, வெட்டி, ஆற்றலைச் செலவிட்டுக் காத்துவரும் இன்மை. யானையின் இன்மைக்குச் செடி எதனையும் செலவிடுவதில்லை.

இவ்வேறுபாடே பட்டியல் முடிவின்றி நீளும் என்னும் தடைக்கு விடையாகிறது. ஓர் அமைப்பு தன்னுள்ளேயே உண்டாக்கிக் காக்கின்ற இன்மை அவ்வமைப்பின் காரணங்களுள் ஒன்று. அவ்வமைப்போடு தற்செயலாகப் பொருந்தி நிற்கும் இன்மை பின்னணி மட்டுமே. அமைப்பே இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறது என்பதால், இப்பகுப்பு காண்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அராபிடாப்சிஸில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் துண்டாக்கும் டைசர் நொதி முற்றிலும் செயலிழந்த வித்துகள் கருநிலையிலேயே மடிகின்றன என்பதும் இதனை உறுதிப்படுத்துகிறது. இன்மைகளை உண்டாக்கும் தொழில் நின்றால் செடியே உருவாவதில்லை.

வேறொரு தடையும் இங்குத் தீர்கிறது. தடைப்பொருள் எது என்று கேட்டால், எதன் இன்மை காரணமோ அதுவே தடை என்றும், எந்த இன்மை காரணம் என்று கேட்டால், தடையின் இன்மையே காரணம் என்றும் கூறுவது ஒன்றையொன்று பற்றி நிற்கும் சுழற்சிக் குற்றமாகும். மணியைப் பொறுத்தவரை இக்குற்றத்தை நீக்குவது கடினம், ஏனெனில் மணி எவ்வாறு தடுக்கிறது என்பது தெரியாது. சிறு ஆர்.என்.ஏ.வோ, அதன் எழுத்து வரிசையைக் கொண்டே, எந்தத் தூதை எந்த இடத்தில் வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்லத்தக்கது. அதன் இன்மையால் விளைவது எது என்று அறிவதற்கு முன்னரே அது எதற்குத் தடை என்பதை வரையறுக்கலாம்.

தடைக்குத் தடை

மணி வழக்கின் மிக நுண்ணிய பகுதி இதன்பின் வருவது. தடுக்கும் மணி அருகில் இருக்கும்போதே மற்றொரு மணியைக் கொண்டுவந்தால் தீ மீண்டும் எரியும் என்றும், இவ்விரண்டாம் மணி தூண்டி, வடமொழியில் உத்தேஜகம், எனப்படும் என்றும் கொள்ளப்பட்டது. இது நியாய நூலாருக்கு இடர் தந்தது. மணியின் இன்மையே காரணம் என்றால், மணி இருக்கையில் எரிதல் எவ்வாறு நிகழும்? தூண்டியோடு சேராத மணியின் இன்மையே காரணம் என்று அவர்கள் தம் வாய்பாட்டைத் திருத்தினர். விசுவநாதரின் சித்தாந்த முக்தாவளி இதனைச் சுருங்க உரைக்கிறது. இவ்வின்மை இரு வழிகளில் அமையலாம்: மணியே இல்லாதிருத்தல், அல்லது மணி இருந்தும் தூண்டியோடு கூடியிருத்தல். மீமாம்சகர் கூறுவது போல, மணி வரும்போதெல்லாம் ஓர் ஆற்றல் அழிந்து, தூண்டி வரும்போதெல்லாம் புதிய ஆற்றல் பிறக்கிறது என்று எண்ணற்ற ஆற்றல்களைக் கற்பிப்பதைவிட இது சிக்கனமானது என்பது அவர்கள் வாதம்.

நுணுக்கத்திற்காகவே புனையப்பட்டது போலத் தோன்றும் இவ்வமைப்பைத் தாவரத்தின் வேரில் உள்ளவாறே காணலாம். மண்ணில் பாஸ்பேட்டு குறையும்போது, இலைப்பகுதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 மிகுதியாகப் பிறந்து, உணவு கடத்தும் பட்டைத்திசு வழியாக வேருக்கு இறங்குகிறது. அங்கு அது பி.எச்.ஓ.2 என்னும் நொதிக்குரிய தூதுகளை வெட்டுகிறது. அந்நொதியின் தொழில், பாஸ்பேட்டைக் கடத்தும் புரதங்களை அழிவுக்குக் குறியிடுவது. ஆகவே அது குறைந்தால் கடத்திகள் அழியாமல் நிற்கின்றன, செடி கூடுதலாகப் பாஸ்பேட்டை ஈர்த்துத் தண்டுக்கு ஏற்றுகிறது. இந்நொதியை மரபுத் திரிபால் இழந்த செடிகள் இலைகளில் நஞ்சாகும் அளவுக்குப் பாஸ்பேட்டைக் குவிக்கின்றன என்பதால், இத்தடை வேண்டாத சுமை அன்று என்பதும் தெரிகிறது.

இவற்றுக்கு மேலும் ஒரு படி உள்ளது. பாஸ்பேட்டு குறையும் அதே வேளையில் ஐ.பி.எஸ்.1 என்னும் மற்றொரு ஆர்.என்.ஏ.வும் பெருகுகிறது. அதிலிருந்து எந்தப் புரதமும் கட்டப்படுவதில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 இணையத்தக்க வரிசை அதில் உண்டு. ஆனால் வெட்டு விழ வேண்டிய நடுவிடத்தில் மூன்று எழுத்துகள் கூடுதலாகப் புடைத்து நிற்பதால் ஆர்கோநாட் அதனை வெட்ட இயலாமல், பற்றிய நிலையிலேயே கட்டுண்டு நிற்கிறது. இவ்வாறு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரு பகுதி செயலற்றுப்போக, பி.எச்.ஓ.2 முற்றிலும் ஒடுங்காமல் காக்கப்படுகிறது. இலக்குப் போலி எனத்தக்க இம்முறையை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் முன்னின்ற குழு 2007இல் வெளியிட்டது.

கடத்திகளை நொதி தடுக்கிறது. நொதியை மைக்ரோ ஆர்.என்.ஏ. தடுக்கிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஐ.பி.எஸ்.1 தடுக்கிறது. இச்சங்கிலியில் பி.எச்.ஓ.2 நொதி நிலைப்பதற்குக் காரணம் மைக்ரோ ஆர்.என்.ஏ. 399இன் இன்மை என்று கூறினால் அது பிழையாகும், ஏனெனில் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கும்போதும் நொதி ஓரளவு நிலைக்கிறது. ஐ.பி.எஸ்.1 ஓடு சேராத மைக்ரோ ஆர்.என்.ஏ. 399இன் இன்மையே காரணம் என்று கூறினால் பொருந்துகிறது. முக்தாவளியின் திருத்தம் எத்தகைய நிலைமையைக் கருதி எழுந்ததோ அத்தகைய நிலைமை இது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. எவ்வளவு உள்ளது என்று அளந்து மட்டும் அதன் விளைவைக் கணிக்க இயலாது என்பதும், அதனைக் கட்டிவைப்பவை எவ்வளவு உள்ளன என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதும் இதன் செயல்முறைப் பயன். பண்டையோர் சிறு ஆர்.என்.ஏ.வை அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகாது. தடையும் தடைக்குத் தடையும் அமைந்த எந்த நிகழ்வையும் பிழையின்றி விவரிக்க வேண்டுமாயின் எத்தகைய வாய்பாடு தேவை என்பதை அவர்கள் சரியாகக் கண்டனர் என்பதற்கே சான்று.

சோயா மொச்சையின் மஞ்சள் வித்து இவ்வமைப்பைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. காட்டுச் சோயாவின் வித்து கருநிறத்தது. பயிரிடப்படும் பல வகைகளில் வித்துறை மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், சால்கோன் சிந்தேஸ் மரபணுக்கள் அவ்வுறையில் மட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்களால் அடக்கப்பட்டிருப்பதே. உழவர் தேர்ந்தெடுத்து வளர்த்தது ஒரு நிறமியின் இன்மையை. அச்செடியைச் சில நச்சுயிரிகள் தாக்கும்போது, அவற்றின் புரதங்கள் அடக்கும் பொறியமைவை முடக்கிவிட, மஞ்சள் வித்தின்மேல் கருந்திட்டுகள் தோன்றுகின்றன. இங்கு நச்சுயிரி நிறமியை ஆக்கவில்லை. நிறமியை ஆக்கும் மரபணுவும் நச்சுயிரியினுடையதன்று. எனினும் திட்டு ஏன் தோன்றியது என்று கேட்பவர்க்கு நச்சுயிரியைக் கூறாமல் விடை கூற முடியாது.

ஆற்றல் உண்டு என்போரின் பங்கு

இவ்வளவும் மீமாம்சகர் முழுவதும் தோற்றனர் என்று காட்டுவதாகாது. மீண்டும் ஊதாவாகப் பூத்த பெட்டூனியாக் கிளையும், திட்டு விழுந்த சோயா வித்தும், அடங்கியிருந்த காலம் முழுவதும் மரபணு தன் வரிசை மாறாமல் இருந்தது என்பதைக் காட்டுகின்றன. தடை நீங்கியபோது அந்தந்தச் செடிக்குரிய நிறம் வந்ததேயன்றி வேறெதுவும் வரவில்லை. தடையின் இன்மை, விளைவு எப்போது எங்கு எழும் என்பதை வரையறுக்கிறது. எழுவது இன்னது என்பதை வரையறுப்பது மரபணுவில் தங்கியுள்ள ஒன்றே. அதனை ஆற்றல் என்று அழைப்பதில் தவறில்லை.

ஆனால் மீமாம்சகர் கூறியதில் ஒரு கூறு திருத்தப்பட வேண்டும். மணி ஆற்றலைக் கெடுக்கிறது, பின் அது மீண்டும் பிறக்கிறது என்பது இங்குப் பொருந்தாது. தூதுகள் வெட்டப்படும்போது டி.என்.ஏ.வில் உள்ள ஆற்றல் தொடப்படுவதே இல்லை. அதன் பயனே இடைவழியில் அழிக்கப்படுகிறது. ஆற்றல் நிலைத்திருக்க, தடையின் இன்மையும் உடன் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கூறுவதே உண்மைக்கு அணுக்கமானது. நியாய நூலாரின் சிக்கனம் இங்கு ஒரு படி தளர்கிறது. எண்ணற்ற ஆற்றல்களைக் கற்பிக்க வேண்டாம் என்பது சரி, ஓர் ஆற்றலையும் ஏற்க வேண்டாம் என்பது சரியன்று.

நெற்பயிரில் நிகழ்ந்த ஒரு திரிபு இவ்விரு காரணங்களின் பிரிவைத் தெளிவாகக் காட்டுகிறது. நெல்லின் தூர்க்கட்டுதலையும் கதிரின் அமைப்பையும் ஆளும் எஸ்.பி.எல்.14 என்னும் மரபணுவில், மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 இணையும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியமையால், அதன் அடக்கத்திலிருந்து மரபணு பெரும்பாலும் தப்பிவிட்டதையும், அத்தகைய பயிரில் பயனற்ற தூர்கள் குறைந்து கதிருக்கு நெல்மணிகள் மிகுந்ததையும் சீன ஆய்வாளர் குழு 2010இல் அறிவித்தது. மிகுந்த நெல்மணிகளுக்குக் காரணம் புதிதாக வந்த ஒரு திறன் அன்று. பழைய திறனைக் கண்டு அடக்குவதற்குரிய அடையாளம் கெட்டதே.

தடுத்தல் உருவாக்குமா?

இனி யோக சூத்திரத்தின் நிலைப்பாட்டை நோக்கலாம். தடை நீக்கம் வழிவிடுதல் மட்டுமே என்றால், தடுத்தலும் வழிமறித்தல் மட்டுமே, உருவாக்கம் இரண்டிலும் இல்லை என்று ஆகும். தாவரம் இதனை அப்படியே ஏற்கவிடுவதில்லை. நாற்றுப் பருவத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 மிகுந்து, பூக்கும் பருவத்துக்குக் கொண்டுசெல்லும் எஸ்.பி.எல். வகை மரபணுக்களை அடக்கிவைக்கிறது. செடி வளர்ந்து, இலைகள் ஆக்கும் சர்க்கரை பெருகப் பெருக அதன் அளவு இறங்குகிறது, அடங்கியிருந்தவை எழுகின்றன, இலையின் வடிவம் மாறுகிறது, பூக்கும் தகுதி வருகிறது. அதனைச் செயற்கையாக மிகுவித்த செடிகள் நெடுங்காலம் இளமைப் பருவத்திலேயே நிற்கின்றன. அகேசியா, யூக்கலிப்டஸ் போன்ற மரங்களிலும் பருவ மாற்றத்தோடு அது குறைவது கண்டறியப்பட்டுள்ளது. இங்கே தடை எப்போது, எவ்வளவு மெல்ல இறங்குகிறது என்பதே செடியின் வயதாக அமைகிறது. வரப்பு எங்கெங்கு எந்த முறையில் வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே எந்த வயல் எப்போது நனையும் என்பது அமைவதால், உழவன் நீரை ஆக்காவிடினும் நனைவின் ஒழுங்கை ஆக்குகிறான் என்பதை ஏற்க வேண்டும். சூத்திரத்தின் உவமை தானாகவே இவ்வளவுக்கு இடந்தருகிறது.

தடுத்தலும் ஒரு தொழிலே என்னும் எண்ணம் தமிழ் மெய்யியலுக்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாக எண்ணுகிறது. உயிரைப் பிணித்துள்ள மலம், அதாவது அழுக்கு, பக்குவப்படும்வரை உண்மையை உயிருக்குத் தோன்றாமல் மறைப்பது அருளுக்கு மாறானதன்று, அருளுக்கு ஆயத்தம் செய்வதே என்பது அதன் கொள்கை. அங்கு மறைப்பது அறிவுடைய ஒருவன், மறைக்கப்படுவது உயிரின் அறிவுக்கு உரியது. இங்கு அறிவற்ற மூலக்கூறுகள் அறிவற்ற மூலக்கூறுகளை அடக்குகின்றன. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. எனினும் பருவம் வருமுன் வெளிப்படாமல் நிறுத்திவைத்தல் வெறும் குறைவன்று, ஆக்கத்தின் ஒரு கூறு என்னும் அளவில் சித்தாந்தம் கண்ட முறையைத் தாவரவியல் மறுக்கவில்லை.

தடையை வைத்தது யார்?

உதயணர் மணி வழக்கை நடத்தியது தருக்கப் பயிற்சிக்காக மட்டும் அன்று. நியாயகுசுமாஞ்சலி இறைவன் உண்டு என்பதை நிறுவ எழுந்த நூல். உலகில் காரண காரிய ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கில் காணப்படாத வினைப்பயனும் ஒரு காரணம், அறிவற்ற அதனை முறைப்படுத்த அறிவுடைய ஒருவன் வேண்டும் என்று அதன் வாதம் ஏறிச்செல்கிறது. அவ்வழியில் செல்வோர் இங்கும் ஒரு வினாவை எழுப்பலாம்: இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன புரதம் இருத்தலாகாது என்று இவ்வளவு நுட்பமாக இன்மைகள் வகுக்கப்பட்டுள்ளபோது, அவற்றை வகுத்தவன் ஒருவன் வேண்டாவோ?

தாவரவியல் இதற்கு ஒரு பகுதி விடையை வைத்திருக்கிறது. தாவரங்களில் அண்மைக் காலத்தில் தோன்றிய சில மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்களின் வரிசை, அவை அடக்கும் மரபணுவின் வரிசையோடு, இணையும் 21 எழுத்துகளுக்கு அப்பாலும் ஒத்திருப்பது 2004இல் காட்டப்பட்டது. அடக்கப்படும் மரபணுவின் ஒரு பகுதியே படியெடுக்கப்பட்டுத் தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ள, அதிலிருந்து பிறந்த ஆர்.என்.ஏ. தன்மேல் தானே மடிந்து, தன் மூலத்தையே அடக்கத் தொடங்கியது என்பது இதனால் பெறப்படும் கருத்து. தடை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டதன்று, தடுக்கப்படுவதிலிருந்தே பிறந்தது. அவ்வாறு பிறந்தவற்றுள் செடிக்குப் பயன்பட்டவை தலைமுறைகளாக நிலைத்தன, மற்றவை சிதைந்து மறைந்தன. மேலும் ஆர்கோநாட்டுக்கும் டைசருக்கும் உரிய தூதுகளையே அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உண்டு என்பதால், அடக்கும் பொறியமைவும் தன்னால் தானே அடக்கப்பட்டு அளவோடு நிற்கிறது.

இது இறைவன் இல்லை என்பதை நிறுவாது. உலகில் காரண ஒழுங்கு ஏன் இருக்கிறது என்னும் உதயணரின் பெருவினா இதற்கு அப்பால் நிற்கிறது. குறிப்பிட்ட இன்மைகளின் நுட்பத்திலிருந்து நேரே அவற்றை வகுத்தவனுக்குச் செல்லும் குறுக்குவழியை மட்டுமே இது அடைக்கிறது. மற்றபடி இன்மை காரணமாகுமா என்னும் தொடக்க வினாவுக்கு நான்கு வரையறைகளோடு ஆம் என்று விடை கூறலாம்: அது இன்னதன் இன்மை என்றும் இன்ன இடத்தில் உள்ளது என்றும் குறிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்; அதனை உண்டாக்கிக் காக்கும் அமைப்பு ஒன்று அங்கு இருக்க வேண்டும்; தடைக்குத் தடையாவன உள்ளனவா என்பதும் அவ்வின்மையின் இலக்கணத்தில் அடங்க வேண்டும்; தடை நீங்கியபின் எழுவதற்குரிய ஆற்றல் வேறாக அங்கு நிலைத்திருக்க வேண்டும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் நியாய நூலார் தந்தவை, நான்காவது மீமாம்சகர் தந்தது, இரண்டாவது மட்டும் இக்காலத் தாவரவியல் சேர்ப்பது. ஒரு பண்புக்கு உரிய மரபணு இது என்று சுட்டுவதோடு விளக்கம் முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கத்திற்கு இவ்விடை இடந்தருவதில்லை. அம்மரபணு எங்கெங்கு வெளிப்படாமல் வைக்கப்பட்டுள்ளது, எதனால், எதன் இசைவோடு என்பதும் அப்பண்பின் காரணத்திலேயே அடங்கும்.